பதினாறு வயதில் பெற்றோரிடமிருந்து சட்டப்படி பிரிய முடியுமா?

உசிலம்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறாள். வயது பதினாறரை, பதினோராம் வகுப்பு. பரீட்சை முடிந்ததும் வைகாசியில் தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுப்பதாக வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். மாட்டேன் என்றதற்கு அப்பா இரண்டு முறை பெல்ட்டால் அடித்திருக்கிறார். போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்; தோழியின் போனிலிருந்துதான் எழுதுகிறாள். சோழவந்தானில் இருக்கும் அப்பத்தாவும் அத்தையும் மட்டும் "அந்தப் பிள்ளையைப் படிக்க விடுங்களேன்" என்கிறார்களாம். அவள் கேள்வி இது: "அமெரிக்காவில் எங்கள் வயதுப் பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போய் அப்பா அம்மாவிடமிருந்து சட்டப்படி பிரிந்துகொள்ளலாமாம். நம் ஊரில் அப்படி முடியுமா? பத்திரம் வாங்கி எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் செல்லுமா?"

மதுரையில் இருபது வருஷத்துக்கும் மேலாக வழக்கறிஞராக இருக்கிறேன். இலவச சட்ட உதவிப் பட்டியலில் என் பெயர் இருப்பதால் உன் வயதுப் பிள்ளைகளின் விவகாரங்கள் நிறையவே என்னிடம் வந்திருக்கின்றன. அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன் பாப்பா. தோழியின் போனை உடனே திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தால் அடுத்த பத்தியை மட்டுமாவது படித்துவிடு.

1098. இந்த எண்ணை மனப்பாடம் பண்ணிக்கொள். குழந்தைகளுக்கான உதவி எண், காசு கிடையாது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். தோழியின் போன், பள்ளி ஆபீஸ் போன், டீக்கடைக்காரர் போன், எதிலிருந்து வேண்டுமானாலும் கூப்பிடலாம். "எனக்கு 16 வயது, வைகாசியில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், எனக்கு விருப்பமில்லை, அடிக்கிறார்கள்" என்ற நாலு செய்தி போதும். ஊர் பெயரும் பள்ளிப் பெயரும் சொல். அன்றைக்கே வீட்டில் இருக்க முடியாத நிலை என்றால் அதையும் சொல். உயிருக்கே ஆபத்து என்று தோன்றினால் 112.

சரி, இப்போது உன் கேள்வி.

நீ கேள்விப்பட்டது உண்மைதான். அமெரிக்காவில் பல மாநிலங்களில் அப்படி ஒரு நடைமுறை இருக்கிறது. கலிபோர்னியாவை எடுத்துக்கொண்டால் 14 வயது நிரம்பிய பிள்ளை நீதிமன்றத்தில் மனு போடலாம். ஆனால் அதற்கு நிபந்தனைகளைப் பார். பெற்றோரின் சம்மதத்தோடோ, அவர்கள் தடுக்காமல் இருந்தோ, ஏற்கெனவே தனியாக வாழ்ந்துகொண்டிருக்க வேண்டும். தன் வரவு செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வருமானம் நேர்மையான வழியில் வந்ததாக இருக்க வேண்டும். அதாவது, ஏற்கெனவே சொந்தக் காலில் நிற்கிற பிள்ளைக்கு, அவள் நிற்கிறாள் என்று நீதிமன்றம் எழுதிக் கொடுக்கிற காகிதம் அது. அடி வாங்கிக்கொண்டு, கையில் காசில்லாமல், இன்று ராத்திரி எங்கே படுப்பது என்று தெரியாமல் நிற்கிற பிள்ளைக்கு அங்கேயும் அந்த மனு உதவாது. அங்கேயும் அவளைக் குழந்தைகள் பாதுகாப்புத் துறைதான் வந்து கூட்டிப்போகும். இன்னொன்று, அந்த உத்தரவு கிடைத்துவிட்டால் பெற்றோருக்கு அவளைப் பராமரிக்கும் கடமையும் போய்விடும். சோறு, வாடகை, படிப்பு எல்லாம் அவள் பொறுப்பு.

நம் நாட்டில் அந்த நடைமுறையே கிடையாது. 1875ஆம் வருஷத்து இந்திய வயதுவந்தோர் சட்டம்தான் இன்றும் நடப்பில் இருக்கிறது. 18 வயது நிரம்பினால் மேஜர், அதற்கு ஒரு நாள் குறைந்தாலும் மைனர். எந்த நீதிபதியும் இந்தக் கோட்டை 16க்கோ 17க்கோ இழுத்துவைக்க முடியாது. இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் 1956, அப்பாவையும் அம்மாவையும் உன் இயற்கைக் காப்பாளர்கள் என்று சொல்கிறது. சட்டத்தில் அப்பாவின் பெயர் முதலில் இருந்தாலும், அம்மாவும் அவருக்குச் சமமாக அந்தப் பொறுப்பை ஏற்க முடியும் என்ற பொருளில் 1999ல் உச்ச நீதிமன்றம் விளக்கம் கொடுத்தது. ஆனால் யாராக இருந்தாலும் அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, மைனரின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேலானது என்கிறது. நம் வேலையெல்லாம் இந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது.

பத்திரம் எழுதுவதைப் பற்றிக் கேட்டாயே, அது செல்லாது. 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதினாலும் சரி, நோட்டரியிடம் முத்திரை வாங்கினாலும் சரி. மைனர் போடும் ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று 1903லேயே தீர்ப்பாகிவிட்டது. அப்பாவும் அவர் பங்குக்கு உன்னைக் காப்பாற்றும் கடமையிலிருந்து எழுதிக் கொடுத்து விலக முடியாது. நாளிதழ்களில் அவ்வப்போது பார்த்திருப்பாய்: "இன்றிலிருந்து என் மகனுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவனோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்பவர்கள் அவர்கள் பொறுப்பு." ஊருக்குத் தெரிவிக்க அது உதவலாம். மைனர் பிள்ளைக்குச் சாப்பாடு போடும் கடமையை அந்த விளம்பரம் தீர்த்துவைக்காது. பரம்பரைச் சொத்தில் பிறப்பால் வந்த பங்கையும் பறிக்காது. பெண் பிள்ளைக்கும் அந்தப் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989லேயே வந்துவிட்டது, நாடு முழுக்க 2005ல் வந்தது. உன் வயசில் இதெல்லாம் எதற்கு என்று நினைக்காதே. கோபத்தில் "எனக்கு உங்க சொத்தும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எதிலும் கையெழுத்துப் போடாதே.

இனி கல்யாணம். தாய்மாமனைக் கட்டுவது நம் பக்கத்து வழக்கம். வழக்கம் உள்ள சமூகத்தில் சட்டமும் அந்த உறவை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே "மாமன் முறைதானே, என்ன தப்பு" என்று வீட்டில் கேட்டால் அதற்கு நீ வாதாட வேண்டியதில்லை. உறவு பிரச்சினையே இல்லை, வயதுதான். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006 பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்கிறது. நடத்திவைக்கிறவர்கள், மேஜரான மாப்பிள்ளை, தெரிந்தே துணைபோனவர்கள் எல்லாருக்கும் 2 வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். உனக்குத் தண்டனை எதுவும் கிடையாது. அம்மாவை நினைத்துப் பயப்படுகிறாய் என்று தெரியும். துணைபோகிற பெற்றோரைத் தண்டிக்கும் 11ஆம் பிரிவிலேயே, எந்தப் பெண்ணுக்கும் சிறைத் தண்டனை விதிக்க முடியாது என்று எழுதியிருக்கிறது.

நம் மாவட்டத்தில் இதற்குப் பொறுப்பான அதிகாரி மாவட்ட சமூக நல அலுவலர். அவருக்குத் தகவல் போனால் வீட்டுக்கு வந்து பேசுவார்கள், எச்சரிப்பார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் தடையுத்தரவு வாங்கலாம். தடையை மீறி நடக்கும் கல்யாணம் கல்யாணமே அல்ல. தாலி ஏறியிருந்தாலும் சட்டப்படி ஒன்றுமில்லை. தடையுத்தரவு இல்லாமல் நடந்துவிட்ட கல்யாணம் கொஞ்சம் வேறு. அது தானாகச் செல்லாததாகாது. ஆனால் வேண்டாம் என்று நீ மனு போட்டு ரத்து பண்ணலாம். 18 முடிந்து இன்னும் இரண்டு வருஷம் வரை, அதாவது 20 வயது வரை அந்த உரிமை உனக்கு இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சில பிள்ளைகள் கல்யாணத்தையே விடுதலை என்று நினைத்துவிடுகிறார்கள். "அப்பா அடியிலிருந்து தப்பித்தால் போதும், மாமா நல்லவர்தான்." மாமா நல்லவராகவே இருக்கட்டும். நான் சொன்ன அதே 1956 சட்டத்தில் இன்னொரு வரி இருக்கிறது, கல்யாணமான மைனர் பெண்ணுக்குக் காப்பாளர் கணவன் என்று. அப்பாவின் கையிலிருந்த உன் கயிறு மாமன் கைக்கு மாறும். அவ்வளவுதான். பள்ளிக்கூடம் நிற்கும், வருஷம் திரும்பினால் கையில் ஒரு குழந்தை இருக்கும்.

உன் நிலைமைக்கு நம் சட்டம் வைத்திருக்கும் வழி குழந்தைகள் நலக் குழு. இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்தக் குழு உண்டு, மதுரையிலும் உண்டு. ஒரு தலைவர், நாலு உறுப்பினர்கள், அதில் ஒருவராவது பெண். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் இந்தக் குழுவுக்கு இருக்கிறது, ஆனால் கூண்டு, கறுப்புக் கோட்டு, டவாலி எதுவும் இருக்காது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற பிள்ளை என்று சட்டம் ஒரு பட்டியல் கொடுக்கிறது. கல்யாண வயதுக்கு முன்னால் கட்டிவைக்கப்படும் ஆபத்தில் இருக்கிற பிள்ளை அந்தப் பட்டியலில் அப்படியே இருக்கிறாள். காப்பாளரே காயப்படுத்துகிற பிள்ளையும் இருக்கிறாள். நீ இரண்டிலும் வருகிறாய்.

குழு முன்னால் உன்னைப் போலீஸ் கொண்டுவரலாம், 1098 ஆட்கள் கொண்டுவரலாம், டீச்சர் கூட்டிவரலாம், அக்கறையுள்ள யார் வேண்டுமானாலும் கூட்டிவரலாம். நீயாகவே நேரில் போயும் நிற்கலாம். "குழந்தை தானாகவே" என்று சட்டத்தில் தனியாக எழுதியிருக்கிறார்கள். யார் உன்னை மீட்டாலும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழு முன்னால் கொண்டுபோக வேண்டும். குழு மாதத்தில் குறைந்தது 20 நாள் கூட வேண்டும். கூடாத நாளில் ஒரு உறுப்பினரின் முன்னால் நிறுத்தினாலும் போதும்.

சில வருஷம் முன்பு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊரையும் பெயரையும் சொல்லக் கூடாது, சட்டமே அதைத் தடுக்கிறது. உன்னைவிட ஒரு வயது மூத்தவள், பன்னிரண்டாம் வகுப்பு. யூனிபார்மோடு, தோளில் பள்ளிப் பையோடு டீச்சர் ஒருவரோடு வந்தாள். பையில் புத்தகம் எதுவும் இல்லை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார் கார்டு, மாற்றுத் துணி ஒன்று, உறைக்குள் பத்திரமாகச் சுற்றிய சாதிச் சான்றிதழ். முதல் நாள் ராத்திரியே அடுக்கி வைத்துவிட்டாளாம். தலைவர் கேட்ட முதல் கேள்வி "சாப்பிட்டியாம்மா?" சாப்பிட்டேன் என்று தலையாட்டினாள். சாப்பிடவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இட்லி வாங்கிவரச் சொல்லி, அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் அம்மா தூக்குவாளியோடு வந்து வெளிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளை பார்க்க மாட்டேன் என்றாள். குழு வற்புறுத்தவில்லை. அடுத்த அமர்வுக்கும் அம்மா வந்தார், அதே தூக்குவாளி. மூன்றாம் முறைதான் அவள் எட்டிப் பார்த்து, "அம்மாவை மட்டும் உள்ளே வரச் சொல்லுங்கள்" என்றாள். அவள் குழந்தைகள் இல்லத்தில் தங்கி அந்த வருஷம் பரீட்சை எழுதினாள். கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டேன் என்று அப்பா எழுதிக் கொடுத்த பிறகு வீட்டுக்குப் போனாள். மாதாமாதம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து போய்ப் பார்த்தார்கள். இப்போது நர்சிங் படிக்கிறாள். அப்பாவோடு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

இதற்கு நேர்மாறாக நடந்ததையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொரு பெண், அவளும் பதினாறுதான், நேராக ஒரு காவல் நிலையத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர்கள் அப்பாவை வரவழைத்து, "பெத்தவங்க அடிக்காம வேற யாரு அடிப்பா" என்று அவளுக்கே புத்தி சொல்லி, ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு அன்று ராத்திரியே அவரோடு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் வேறு மாவட்டத்தில் ஒரு கோயிலில் வைத்துத் தாலி கட்டியாகிவிட்டது. அவள் என்னிடம் வந்தபோது வயது 19. கல்யாணத்தை ரத்து பண்ண மனு போட்டோம். மூன்று வருஷம் அவளுக்குத் திரும்பி வரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் சொல்கிறேன், எந்த நிலையத்துக்குப் போக நேர்ந்தாலும் ஒரு வாக்கியத்தை விடாமல் சொல்: "என்னைக் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுபோங்கள்." கேட்காவிட்டால் அங்கிருந்தே 1098ஐக் கூப்பிடு.

குழு என்ன செய்யும்? முதலில் நீ பேசுவதைக் கேட்கும். பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. வயதை உறுதிசெய்யும். அதற்குப் பள்ளிச் சான்றும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும்தான் முதல் ஆதாரம். வீட்டில் "அவளுக்கு 18 ஆச்சு" என்று சாதித்தாலும் மார்க் ஷீட் பேசும். ஒருவரை உன் வீட்டுக்கு அனுப்பி விசாரித்து 15 நாளில் அறிக்கை வாங்கும். அதுவரை உன்னை ஒரு பாதுகாப்பான இடத்தில் வைக்கும். பிறகு முடிவெடுக்கும்: வீட்டுக்கே கண்காணிப்போடு அனுப்புவதா, சொந்தக்காரர் ஒருவரைத் தகுதியான நபர் என்று ஏற்று அவரிடம் ஒப்படைப்பதா, இல்லத்தில் தங்க வைப்பதா என்று.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குழுவின் முதல் நோக்கம் உன்னை உன் குடும்பத்தோடு சேர்ப்பதுதான். இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்று சட்டமே சொல்கிறது. "நான் திரும்பப் போக மாட்டேன்" என்று நீ சொன்னால், ஏன் போக முடியாது என்பதை விவரமாகச் சொல்ல வேண்டும். தேதி, எதனால் அடித்தார், எங்கே காயம், யார் பார்த்தார்கள். நினைவிருக்கும்போதே பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வை, நோட்டைத் தோழியிடம் கொடுத்து வை. இல்லமும் ஹாஸ்டல் மாதிரி இருக்காது. போன் கிடையாது, விளக்கு அணைக்க நேரம் உண்டு, வெளியே போக அனுமதி வேண்டும், பக்கத்துக் கட்டிலில் உன்னைவிடப் பெரிய கஷ்டம் பட்ட பிள்ளைகள் ராத்திரி அழுவார்கள். பள்ளி மாறவும் வேண்டியிருக்கலாம். முதல் வாரத்திலேயே "வீட்டுக்கே போறேன்" என்று சொல்லாத பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை. அது இயல்புதான். அந்த ஒரு வாரம் தாண்டட்டும், பிறகு முடிவு பண்ணு.

உனக்கு இல்லத்தைவிட நல்ல வழி ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. சோழவந்தான் அத்தை. யோசித்துப் பார்த்தால் அப்பத்தா உன் பக்கம் நிற்பதும், அம்மாச்சியைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதாததும் எனக்குப் புரிகிறது. மாப்பிள்ளை அம்மாச்சியின் மகன் ஆயிற்றே. அத்தை முன்வந்து, குழுவிடம் "என் அண்ணன் மகளை நான் வைத்துக்கொள்கிறேன், படிக்கவைக்கிறேன்" என்று சொன்னால், அவர் வீட்டை விசாரித்து உன்னை அவரிடம் ஒப்படைக்கும் அதிகாரம் குழுவுக்கு உண்டு. சோழவந்தானிலிருந்து பஸ்ஸில் பள்ளிக்குப் போய்விடலாம், இல்லையென்றால் அங்கேயே சேர்ந்துவிடலாம்.

இன்னொரு பாதையும் இருக்கிறது. 1890ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டத்தின் கீழ் அத்தையோ அப்பத்தாவோ மதுரையில் குடும்ப நீதிமன்றத்தில் மனு போட்டுத் தங்களைக் காப்பாளராக நியமிக்கக் கேட்கலாம். சொந்தமாக முடிவெடுக்கும் பக்குவம் உள்ள பிள்ளை என்றால் அதன் விருப்பத்தை நீதிபதி கருதலாம் என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. பதினாறு வயதுப் பெண்ணை நீதிபதிகள் தனியாக அழைத்துப் பேசிக் கேட்பது வழக்கம்தான். ஆனால் அப்பா அம்மா உயிரோடு இருக்கும்போது அவர்கள் தகுதியற்றவர்கள் என்று நிரூபித்தால்தான் இன்னொருவரை நியமிக்க முடியும். வழக்கு முடிவதற்குள் உனக்கு 18 ஆகிவிடும். அதனால் உன் விஷயத்தில் நான் குழுவைத்தான் முதலில் சொல்வேன்.

நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். "நான் கூட்டிட்டுப் போறேன்" என்று எந்தப் பையனாவது சொன்னால், அவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் போகாதே. 18 வயதுக்குக் கீழே உள்ள உன் சம்மதத்துக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லை. காப்பாளரிடமிருந்து கூட்டிப்போனால் கடத்தல், 7 வருஷம் வரை சிறை. அதற்கு மேல் போக்சோ, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். மைனரைக் காணோம் என்று புகார் வந்தாலே முதல் தகவல் அறிக்கை போட வேண்டும் என்று 2013ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேலூர் ரோட்டிலுள்ள நம் உயர் நீதிமன்றக் கிளையில் ஆட்கொணர்வு மனு போட்டுத் தேடுவார்கள். வயது 18 ஆகவில்லை என்று தெரிந்தால் பிள்ளை இல்லத்துக்கோ வீட்டுக்கோ, பையன் ஜெயிலுக்கு. இருபது வயதுப் பையன்கள் இதில் மாட்டி வாழ்க்கையைத் தொலைத்ததை நிறையப் பார்த்துவிட்டேன். அந்தக் காலத்தில் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, 18க்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, தானாகவே வீட்டை விட்டு வெளியேறி ஒருவரோடு போனாள். அவர் அவளை அழைத்துப் போகவில்லை, அவள்தான் சேர்ந்து போனாள், ஆகவே கடத்தல் இல்லை என்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. வரதராஜன் வழக்கு என்பார்கள். அதைக் காட்டித் தைரியம் சொல்கிறவர்கள் உண்டு. அந்தத் தீர்ப்பு வந்தபோது போக்சோ சட்டம் இல்லை.

கல்யாணம் வேண்டாம் என்றால் மில்லுக்குப் போ என்று அப்பா சொல்லக்கூடும். திண்டுக்கல், திருப்பூர்ப் பக்கத்து நூல் மில்களுக்கு நம் ஊர்ப் பெண் பிள்ளைகளை மூன்று வருஷ ஒப்பந்தத்தில், முடிவில் மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லிக் கூட்டிப்போன கதை உனக்கும் தெரிந்திருக்கும். மொத்தப் பணம் என்ற பேச்சு வந்தாலே வேண்டாம் என்று சொல்.

இதைப் படிக்கிற பையன்களும் இருப்பீர்கள். பையன்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் வேறு மாதிரி: அப்பா சொல்லும் குரூப் பிடிக்கவில்லை, போனைத் தருவதில்லை, வெளியே விடுவதில்லை, அதனால் பிரிந்து போகணும். அடி, பட்டினி, வேலைக்கு விரட்டுதல், ஆபத்து எதுவும் இல்லாத வீட்டுச் சண்டையில் சட்டம் தலையிடாது, தலையிடவும் கூடாது என்பது என் கருத்து. 14417க்குப் போன் பண்ணிப் பேசலாம், அது பள்ளிப் பிள்ளைகளுக்காக அரசு நடத்தும் எண். அப்பா மதிக்கிற ஒரு சித்தப்பாவையோ சாரையோ வைத்துப் பேசலாம். ஆனால் 14 வயதுக்குக் கீழே உன்னை வேலைக்கு அனுப்பினாலோ, 18க்குள் பட்டாசு, சுரங்கம் மாதிரி அபாயமான வேலைக்கு அனுப்பினாலோ அது குற்றம். நீங்களும் அதே 1098ஐத்தான் கூப்பிட வேண்டும்.

மறுபடி உன்னிடம் வருகிறேன் பாப்பா. 18 ஆகும்வரை கையில் இருக்க வேண்டியவை மார்க் ஷீட், ஆதார், சாதிச் சான்று, வங்கிப் புத்தகம். மூலம் எடுக்க முடியாவிட்டால் நகலாவது எடுத்துத் தோழியிடமோ டீச்சரிடமோ கொடுத்து வை. 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தன் பெயரில் தானே சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. உனக்கு ஏற்கெனவே கணக்கு இருந்தால் ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்கிறது, எந்தப் போன் நம்பர் இணைந்திருக்கிறது என்று பார். நீ ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் பன்னிரண்டு முடித்துக் கல்லூரி சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உன் கணக்குக்கு வரும். சின்னத் தொகைதான், ஆனால் யாரிடமும் கேட்காமல் பஸ் ஏறவும் புத்தகம் வாங்கவும் ஆகும். பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத் துறை விடுதிகளில் தங்கிப் படிக்கச் செலவில்லை. இல்லத்தில் வளர்ந்து 18ல் வெளியே வருகிற பிள்ளைகளுக்கு 21 வயது வரை பின்பராமரிப்பு உதவியும் சட்டத்தில் இருக்கிறது.

உன் 18ஆவது பிறந்த நாள் தொடங்கும்போதே நீ மேஜர், சாயந்திரம் வரை காத்திருக்கக்கூட வேண்டாம். அதற்குப் பிறகு எங்கே இருப்பது, என்ன படிப்பது, யாரைக் கட்டுவது எல்லாம் உன் முடிவு. காணோம் என்று புகார் கொடுத்தாலும், ஆட்கொணர்வு மனு போட்டாலும் நீதிபதி உன்னைப் பார்த்து "எங்கேம்மா போகணும்?" என்று கேட்பார், நீ சொல்கிற இடத்துக்கு விடுவார். 2021ல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், சேர்ந்து வாழ்வதைப் பெற்றோர் எதிர்த்ததால் சென்னைக்குப் போனார்கள். பெற்றோர் புகார் கொடுத்துப் போலீஸ் விசாரணைக்கு வந்தபோது சென்னை உயர் நீதிமன்றம் அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. இருவரும் மேஜர்கள் என்பதுதான் அவர்களுக்குப் பலமாக இருந்தது. 18 ஆனதும் அப்பாவின் பராமரிப்புக் கடமையும் முழுக்கப் போய்விடாது. தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத, கல்யாணமாகாத மகள், 18க்குப் பிறகும் ஜீவனாம்சம் கேட்க இந்துத் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது.

வழக்கறிஞருக்குக் காசு எங்கே போவேன் என்று கவலைப்படாதே. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது, 15100க்கும் கூப்பிடலாம்.

இப்போதைக்கு ஒரு வேலை செய். தோழியின் போனிலிருந்தே சோழவந்தானுக்குப் பேசு. அத்தையின் ஆதார், ரேஷன் கார்டு, சம்பளச் சீட்டு இருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைக்கச் சொல். குழுவுக்கு வரும்போது அப்பத்தாவையும் கூட்டிவரட்டும். "பிள்ளை எங்கே படுப்பாள், எந்தப் பள்ளிக்குப் போவாள், அண்ணன் வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வீர்கள்?" என்று அத்தையிடம் கட்டாயம் கேட்பார்கள். மூன்றாவது கேள்விக்கு அவர் இன்றைக்கே யோசித்து வைக்க வேண்டும்.